பசுவுக்கும் எருமைக்கும் ஏன் கன்று பிறக்காது? விலங்குக் கலப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜெர்சி கலப்பு மாடு, பிராய்லர் கோழி, கோவேறு கழுதை, சிங்கத்துக்கும் புலிக்கும் பிறந்த லைகர், ‘மனித முகத்தோடு பிறந்த ஆட்டுக்குட்டி’ என்று அவ்வப்போது செய்தியில் வரும் படம். இவை எல்லாவற்றையும் ‘கலப்பினம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இந்த ஐந்தில் கோவேறு கழுதையும் லைகரும் மட்டுமே சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரு வேறு சிற்றினங்கள் கூடிப் பிறந்தவை. பிராய்லர் கோழி ஒரே சிற்றினத்துக்குள் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்தது. ஆட்டுக்குட்டியின் முகம் பிறவிக் குறைபாடு. ஜெர்சி கலப்பு இடைப்பட்ட இடத்தில் நிற்கிறது. ஏன் என்று கீழே பார்ப்போம்.

இந்தக் குழப்பம் வெறும் சொல் பற்றியது என்றால் விட்டுவிடலாம். ‘கலப்பு என்றால் மலடுதானே’ என்று நம்புகிறவர் குளத்தில் கலப்பு மீன் குஞ்சு விடும்போது ஆற்று மீனுக்கு நேரக்கூடியதை யோசிப்பதில்லை. ‘பாதி ஜெர்சிக்கே இவ்வளவு பால் என்றால் முழு ஜெர்சிக்கு இரண்டு மடங்கு’ என்று கணக்குப் போடுகிறவர் மூன்றாம் தலைமுறை மாட்டுக்கு மருத்துவச் செலவு செய்து ஓய்ந்துபோகிறார். உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இந்தத் தவறுகள் வராது.

எது கலப்பு, எது இல்லை

தங்களுக்குள் இயல்பாகக் கூடி, பிறக்கும் குட்டிகளும் தலைமுறை தலைமுறையாக ஈனக்கூடிய உயிர்களின் கூட்டம் ஒரு சிற்றினம். நெருங்கிய உறவுள்ள சிற்றினங்கள் சேர்ந்தது பேரினம். சிங்கம், புலி, சிறுத்தை மூன்றும் தனித்தனிச் சிற்றினங்கள், ஒரே பேரினம்.

சிற்றினத்துக்குள்ளே மனிதர்கள் தேவைக்கேற்பப் பிரித்து வளர்த்தவற்றை மாட்டினம், நாயினம், ஆட்டினம் என்கிறோம். காங்கேயமும் உம்பளச்சேரியும் இரண்டு மாட்டினங்கள், ஆனால் ஒரே சிற்றினம். ராஜபாளையம் நாயை லாப்ரடாரோடு சேர்த்தாலும், கன்னி ஆட்டைப் போயர் கிடாவோடு சேர்த்தாலும் நடப்பது இனக்கலப்புதான். குட்டிகள் ஈனுவதில் எந்தச் சிக்கலும் வராது. இரண்டு சிற்றினங்களுக்கு இடையே பிறப்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கலப்புயிரி என்று அழைக்கிறோம்.

நம் நாட்டுத் திமில் மாடும் ஐரோப்பியத் திமிலில்லா மாடும் இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரு கிளைகள். சில ஆய்வாளர்கள் அவற்றைத் தனிச் சிற்றினங்களாகவும், வேறு சிலர் ஒரே சிற்றினத்தின் துணைப்பிரிவுகளாகவும் வைக்கிறார்கள். இரண்டுக்கும் செல்லில் 60 குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்). கிடாரியும் காளையும் முழுமையாக ஈனும் திறனோடு பிறக்கின்றன. அதனால்தான் ஜெர்சி கலப்பு எல்லைக்கோட்டில் நிற்கிறது. சிற்றினம் என்பது இயற்கை போட்ட மதில் இல்லை, காலப்போக்கில் மெல்ல விலகிச் செல்லும் தூரம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் தொழுவத்தில் வேறு கிடையாது.

இரண்டு கருக்களின் செல்களை ஆய்வகத்தில் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கும் உயிரி கலப்புயிரி ஆகாது. 1984-இல் இங்கிலாந்தில் வெள்ளாட்டுக் கருவையும் செம்மறிக் கருவையும் அப்படிச் சேர்த்துக் குட்டி பிறக்க வைத்தார்கள். அதன் உடலில் சில செல்கள் முழு வெள்ளாடு, சில செல்கள் முழு செம்மறி. கலப்புயிரியில் அப்படி இல்லை. ஒவ்வொரு செல்லிலும் தாயின் பாதியும் தந்தையின் பாதியும் இருக்கும்.

எந்த இடத்தில் தடை விழுகிறது

இரண்டு சிற்றினங்கள் கலக்கப் பல தடைகளைத் தாண்ட வேண்டும். முதலில் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் இருக்க வேண்டும். சிங்கமும் புலியும் இன்று காட்டில் சந்திப்பதே இல்லை. அடுத்து, ஒன்றை ஒன்று துணையாக ஏற்க வேண்டும். கோவேறு கழுதை வளர்ப்போர் ஆண் கழுதைக் குட்டியைச் சிறு வயதிலேயே குதிரைகளோடு வளர விடுவது இதற்காகத்தான். கழுதைகளோடு மட்டும் வளர்ந்த ஆண், பெண் குதிரையைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது.

கூடிவிட்டாலும் விந்தணு கருமுட்டைக்குள் நுழைய வேண்டும், கரு வளர வேண்டும், குட்டி உயிரோடு பிறக்க வேண்டும். பசுவும் எருமையும் ஒரே தொழுவத்தில் நின்றாலும் கன்று பிறக்காது. பசுவுக்கு 60 குரோமோசோம், முரா போன்ற ஆற்றெருமைக்கு 50. அவை இரண்டும் தனித்தனிப் பேரினங்கள். ஆய்வகத்தில் கருவுறச் செய்தாலும் கரு தொடக்க நிலையிலேயே வளர்ச்சி நின்று அழிந்துவிடுகிறது. கருவின் முதல் சில பிரிதல்களுக்குக் கருமுட்டையில் தாய் சேர்த்து வைத்த பொருள்களே போதும். அதன்பின் கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில்தான் தாய், தந்தை இருவரின் மரபணுத் தொகுதிகளும் ஒத்துழைக்க மறுக்கின்றன.

வெள்ளாடும் செம்மறியும் இதைவிடக் கொஞ்சம் நெருக்கம். நம் ஊரில் இரண்டையும் ஒன்றாக மேய்ப்பதால் ‘சினை பிடிக்குமா’ என்ற கேள்வி அடிக்கடி எழும். வெள்ளாட்டுக்கு 60, செம்மறிக்கு 54. எப்போதாவது கரு தரிக்கும், பெரும்பாலும் சில வாரங்களில் கலைந்துவிடும். அபூர்வமாகத் தப்பிப் பிழைத்தது 2000-ஆம் ஆண்டு போட்ஸ்வானாவில் பிறந்த ஒரு குட்டி. தாய் வெள்ளாடு, தந்தை செம்மறிக் கிடா, குரோமோசோம்கள் சரியாக நடுவே 57. அது மலடாகவே வாழ்ந்தது.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் தோற்றுப்போகலாம். ஆசிய யானைக்கும் ஆப்பிரிக்க யானைக்கும் 56 தான். 1978-இல் இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்காவில் இரண்டுக்கும் பிறந்த மோட்டி என்ற குட்டி இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. ஆனால் 1998-இல் துபாயில் ஒட்டகத்துக்கும் தென் அமெரிக்க லாமாவுக்கும் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த ‘காமா’ வளர்ந்து பெரியதானது. இரண்டுக்கும் 74.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தடை ஒன்றல்ல, வரிசையாகப் பல. பொதுவாக உறவு எவ்வளவு தூரமோ அவ்வளவு முன்னதாகவே கலப்பு நின்றுபோகும். பசுவும் எருமையும் கருவிலேயே நிற்கின்றன. குதிரையும் கழுதையும் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாண்டி, கடைசித் தடையில் மட்டும் விழுகின்றன.

கோவேறு கழுதையின் உடல் சரி, விந்தணு ஏன் இல்லை

ஒரு வீட்டுக்கு இரண்டு பொறியாளர்கள் தனித்தனியே வரைபடம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 32 தாள்களில் வரைந்திருக்கிறார், மற்றவர் 31 தாள்களில். இரண்டிலும் சமையலறை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. எந்தத் தாளில் எது என்பதுதான் மாறியிருக்கிறது. கொத்தனார் இரண்டு கட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவையானதை எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டு நல்ல வீடாகவே கட்டிவிடுவார். இப்போது வேறு வேலை தருகிறோம்: ‘இரண்டு கட்டையும் தாளுக்குத் தாள் ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை மட்டும் எடுத்து, முழுமையான ஒற்றைக் கட்டாகக் கொடு.’ ஜோடியே சேராது. எடுத்தால் இரண்டு சமையலறையும் படிக்கட்டே இல்லாத வீடும் வரும்.

தாள்களுக்குப் பதில் குரோமோசோம்களை வையுங்கள். குரோமோசோம் என்பது செல்லின் உட்கருவில் மரபணுக்களைத் தாங்கி நிற்கும் நீண்ட இழை. மரபணு என்பது உடல் ஒரு குறிப்பிட்ட பொருளைச் செய்ய உதவும் குறிப்பு. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், அதாவது 32 ஜோடி. கழுதைக்கு 62, அதாவது 31 ஜோடி. தாய்க் குதிரை 32, தந்தைக் கழுதை 31 தர, கோவேறு கழுதைக்கு 63.

உடல் வளரும்போது செல் தன் 63-ஐயும் அப்படியே படியெடுத்து இரண்டாகப் பிரிகிறது. அதற்கு ஜோடி தேவையில்லை. ஆகவே எலும்பு, தசை, குளம்பு எல்லாம் பிரமாதமாக வளர்கின்றன. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது மட்டும் வேறு வகைப் பிரிதல் நடக்கிறது. குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டி நின்று, பிறகு ஜோடிக்கு ஒன்றாகப் பிரிந்து, எண்ணிக்கை பாதியாகிறது. இதன் பெயர் குன்றல் பகுப்பு. கோவேறு கழுதையில் ஒன்று தனியாக மிஞ்சுவது மட்டும் சிக்கலில்லை. குதிரையில் ஒரே இழையில் இருக்கும் பல பகுதிகள் கழுதையில் வேறு வேறு இழைகளில் சிதறி, இடம் மாறி, திரும்பிக் கிடக்கின்றன. இழைகள் ஜோடியாக ஒட்ட முடியாத செல்லை உடலே கண்டறிந்து அழித்துவிடுகிறது. விந்தணு உருவாகும் பாதையில் அங்கேயே முற்றுப்புள்ளி.

பெண் கோவேறு கழுதையில் மிக அபூர்வமாக ஒரு கருமுட்டை தப்பித்து, அது குட்டியாகவும் பிறந்ததுண்டு. 1984-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலும் 2002-இல் மொராக்கோவிலும் அப்படிப் பிறந்தவை பதிவாகியுள்ளன. ஆண் கோவேறு கழுதை தந்தையானதற்கு உறுதியான பதிவு கிடையாது.

மலடு என்றால் ஆண் தன்மையே இல்லை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஆபத்தான எண்ணம். விந்தணு உருவாவதில்லையே தவிர ஆண் இயக்குநீர் வழக்கம்போலச் சுரக்கும். காயடிக்காத ஆண் கோவேறு கழுதை முரடாக நடந்துகொள்ளும், பெண் குதிரைகளைத் துரத்தும். அதனால்தான் பாரம் சுமக்க வளர்க்கும் ஆண்களைக் காயடித்து விடுகிறார்கள்.

வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு ஆபத்து சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் இரத்தச் சிவப்பணுக்களில் தந்தைக் கழுதை வழி வந்த ஒரு புரதம் உண்டு. குதிரையில் அது கிடையாது. பிரசவத்தின்போது குட்டியின் இரத்தம் சிறிது தாயோடு கலந்தால், தாயின் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும். முதல் ஈற்றில் பொதுவாகத் தொல்லை வராது. அடுத்தடுத்த ஈற்றில் அந்த எதிர்ப்புப் புரதங்கள் சீம்பாலில் செறிந்து வந்து, குடித்த குட்டியின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குட்டி பிறக்கும்போது துள்ளலாக இருக்கும். ஓரிரு நாளில் சோர்ந்து, கண்ணும் ஈறும் மஞ்சளாகி, மூச்சு வாங்கும். முன்பு ஒரு குட்டி இப்படி ஆகியிருந்தால், அடுத்த குட்டி பிறந்தவுடன் வாய்க்கூடு போட்டு, முதல் 24 முதல் 48 மணி நேரம் தாயிடம் குடிக்க விடாமல், இதற்கு முன் கழுதையோடு சேராத வேறொரு குதிரையின் சீம்பாலைப் புட்டியில் கொடுக்க வேண்டும். தாயின் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும். குட்டியின் குடல் பெரிய புரதங்களை அப்படியே உள்ளே விடுவது ஏறக்குறைய முதல் ஒரு நாள் மட்டுமே. அதற்குப் பின் தாயிடமே விடலாம்.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்

‘64-உம் 62-உம் ஒத்துவரவில்லை, அதனால் மலடு’ என்று பள்ளியில் படித்துவிட்டு அதோடு நின்றுவிடுகிறோம். மங்கோலியாவின் புல்வெளியில் வாழும் பிரெசெவால்ஸ்கி காட்டுக்குதிரைக்கு 66 குரோமோசோம். அதற்கும் வீட்டுக் குதிரைக்கும் பிறப்பது 65-ஓடு இருக்கும், ஒற்றைப்படைதான். ஆனால் அது நன்றாகவே ஈனும். காட்டுக்குதிரையில் தனித்தனியாக இருக்கும் இரண்டு இழைகள் வீட்டுக் குதிரையில் முனையில் ஒட்டி ஒன்றாகியிருக்கின்றன, பெரிய வேறுபாடு அவ்வளவுதான். குன்றல் பகுப்பில் அந்த ஒரு நீள இழையோடு இரண்டு சிறிய இழைகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே வரிசை மாறாததால் ஜோடி சேர்வதில் சிக்கல் இல்லை.

எதிர்ப்பக்கம் லடாக்கில் இருக்கிறது. இமயமலையின் சடைமாடான யாக்குக்கும் பசுவுக்கும் 60, 60. இரண்டையும் சேர்த்துப் பிறக்கும் ஆணை அங்கே ‘ஸோ’ என்றும் பெண்ணை ‘ஸோமோ’ என்றும் அழைக்கிறார்கள். ஸோமோ பால் தரும், கன்றும் ஈனும். ஸோ உழவுக்கும் பாரத்துக்கும் வலிமையான மாடு. ஆனால் முழு மலடு. ஸோமோவைத் திரும்பத் திரும்ப யாக் அல்லது பசுவின் பக்கம் சேர்த்துக்கொண்டு போனாலும் பல தலைமுறைக்குப் பிறகே ஆண்களுக்கு ஈனும் திறன் திரும்புகிறது.

ஏன் ஆண் மட்டும்? இதில் ஒரு ஒழுங்கு இருப்பதை 1922-இல் மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் சுட்டிக்காட்டினார். கலப்பில் ஒரு பாலினம் மட்டும் மலடாகவோ அரிதாகவோ பிறந்தால், அது பெரும்பாலும் இரு வேறு பால் குரோமோசோம் (ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் இழை) கொண்ட பாலினமே. பாலூட்டிகளில் ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கலப்புப் பெண்ணின் ஒரு எக்ஸில் உள்ள மரபணு மற்றச் சிற்றினத்தின் மரபணுக்களோடு ஒத்துப்போகாவிட்டாலும் இன்னொரு எக்ஸ் கைகொடுக்கும். ஆணுக்கு அந்த மாற்று இல்லை. பறவைகளில் நிலை தலைகீழ்: அங்கே இரு வேறு பால் குரோமோசோம் பெண்ணுக்குத்தான், எனவே பெண் பறவையே முதலில் மலடாகும். ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு இந்தியா வந்து, கொல்கத்தாவிலும் பிறகு புவனேஸ்வரிலும் பணியாற்றி, இந்தியக் குடிமகனாகவே 1964-இல் மறைந்தார்.

சிங்கம், புலி கலப்பிலும் இதே விதிதான். இரண்டுக்கும் 38 குரோமோசோம். ஆண் கலப்பு மலடு, பெண் சில நேரம் ஈனும். ஆண் புலிக்கும் பெண் சிங்கத்துக்கும் பிறந்ததை டைகான் என்பார்கள். கொல்கத்தாவின் அலிப்பூர் பூங்காவில் 1971-இல் பிறந்த ருத்ராணி என்ற பெண் டைகான், ஆசியச் சிங்கம் ஒன்றோடு சேர்ந்து ஏழு குட்டிகள் ஈன்றது.

சுருக்கமாக: மலட்டுத்தன்மைக்குக் காரணம் இரண்டு வகை. இழைகளின் அமைப்பு மாறி ஜோடி சேராமல் போவது ஒன்று. இழைகள் சேர்ந்தாலும் மரபணுக்கள் ஒத்துழைக்காமல் போவது மற்றொன்று. இரண்டுமே இல்லாத கலப்புகள் வளமாக ஈனும்.

தாய் எது, தந்தை எது

ஒரே இரண்டு சிற்றினங்களைச் சேர்த்தாலும் தாய் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பிறப்பது மாறும். ஆண் கழுதையும் பெண் குதிரையும் சேர்ந்தால் கோவேறு கழுதை. ஆண் குதிரையும் பெண் கழுதையும் சேர்ந்தால் பிறப்பது உருவில் பொதுவாகச் சிறியது. கழுதையின் கருப்பை சிறியது என்பது ஒரு காரணம். தவிர அந்தத் திசையில் சினை பிடிப்பதே குறைவு. அதனால்தான் உலகெங்கும் முதல் வகையையே வளர்க்கிறார்கள்.

லைகர் விஷயம் இன்னும் வியப்பானது. ஆண் சிங்கத்துக்கும் பெண் புலிக்கும் பிறக்கும் லைகர் பெற்றோர் இருவரையும் விடப் பெரிதாக வளரும். ஹெர்குலிஸ் என்ற லைகர் 418.2 கிலோ எடையோடு கின்னஸ் பதிவில் இருக்கிறது. டைகான் அப்படி வளர்வதில்லை. சில மரபணுக்கள் தந்தை வழி வந்தால் மட்டும் வேலை செய்யும், சில தாய் வழி வந்தால் மட்டும். இதை மரபணு முத்திரை என்பார்கள். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: சிங்கத் தந்தையின் மரபணுக்கள் வளர்ச்சியைப் பலமாகத் தூண்டுகின்றன, சிங்கத் தாயின் மரபணுக்கள் அதே பலத்தோடு அதை அடக்குகின்றன. புலித் தாயிடம் அந்த அளவு அடக்கும் மரபணுக்கள் இல்லை. அந்த உடலுக்கு விலையும் உண்டு. மூட்டு, நரம்புக் கோளாறுகள் இவற்றில் சகஜம். காட்சிக்காக இவற்றைப் பிறக்க வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை என்றே சொல்ல வேண்டும். இந்தியப் பூங்காக்கள் இதைக் கைவிட்டது சரியான முடிவு.

கலப்பின வீரியம்: முதல் தலைமுறையோடு ஏன் மங்குகிறது

கோவேறு கழுதை குதிரையை விடக் குறைந்த தீவனத்தில் கரடுமுரடான மலைப்பாதையில் பாரம் சுமக்கும். இந்திய இராணுவம் இமயமலைச் சாவடிகளுக்கு இன்றும் இவற்றைப் பயன்படுத்துவது அதனால்தான். பெற்றோரின் சராசரியை விடக் குட்டி மேம்பட்டு நிற்பதைக் கலப்பின வீரியம் என்கிறோம்.

காரணம் எளிது. ஒவ்வொரு விலங்குக் கூட்டத்திலும் பழுதான மரபணுக்கள் சில ஒளிந்திருக்கும். இந்தக் கூட்டத்தில் பழுதானது அந்தக் கூட்டத்தில் நன்றாக இருக்கும். முதல் கலப்பில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படி வருவதால் பழுதை நல்லது மறைத்துவிடும்.

நம் மாட்டுக்கு இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போட்டால் பிறக்கும் கிடாரியில் 50 விழுக்காடு ஜெர்சி, வீரியம் முழு அளவில். அந்தக் கிடாரிக்கு மறுபடி ஜெர்சி ஊசி என்றால் கன்றில் 75 விழுக்காடு ஜெர்சி, வீரியமோ பாதி. அதற்கும் ஜெர்சி என்றால் 87.5 விழுக்காடு, வீரியம் கால் பங்கு. பால் கறக்கும் மரபணுக்கள் கூடிக்கொண்டே போக, வெயிலையும் உண்ணியையும் தாங்கும் நாட்டு மரபணுக்கள் கழன்றுகொண்டே போகின்றன. சித்திரை வெயிலில் மூச்சு வாங்கி, தீவனம் எடுக்காமல், சினைப் பருவம் சரியாகத் தெரியாமல் நிற்கும் மாடு பெரும்பாலும் இந்தக் கணக்கின் விளைவு. 50 முதல் 62.5 விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள் என்று சமவெளிக்குப் பரிந்துரைப்பது இதனால்தான். 62.5 எப்படி வரும்? 75 விழுக்காட்டுக் கிடாரிக்கு 50 விழுக்காட்டுக் கலப்புக் காளையின் ஊசி போட்டால், இரண்டின் சராசரி 62.5. ஆகவே ஊசி போட வருகிறவரிடம் ‘ஜெர்சியா’ என்று மட்டும் கேட்காமல், காளை முழு ஜெர்சியா, கலப்பு ஜெர்சியா என்று கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். மூன்று தலைமுறைக் குறிப்பு இல்லாவிட்டால் தொழுவத்தில் நிற்கும் மாட்டின் விழுக்காட்டை யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஈனும் கலப்புகள்: சிக்கல் இங்கேதான்

மலட்டுக் கலப்பு ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். ஈனும் கலப்பு தன் பெற்றோர் கூட்டத்துக்குள் திரும்பிச் சென்று சேரும். அப்படிச் சேர்வதைப் பிற்கலப்பு என்பார்கள். அதன் வழியாக ஒரு சிற்றினத்தின் மரபணு இன்னொன்றில் நிலையாகக் குடியேறலாம்.

இது எப்போதும் கெடுதல் அல்ல. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதற்கான மரபணு அதிலிருந்து வரவில்லை. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலப்பால் வந்தது என்று 2008-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதரும் விலக்கல்ல. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 2 விழுக்காடு, அழிந்துபோன பண்டைய மனித வகையான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது.

செய்திகள் மிகைப்படுத்தும் இடமும் உண்டு. 2006-இல் கனடாவின் பேங்க்ஸ் தீவில் சுடப்பட்ட கரடி பனிக்கரடிக்கும் கிரிஸ்லி கரடிக்கும் பிறந்தது என்று டிஎன்ஏ சோதனை உறுதி செய்தது. ‘பனி உருகுவதால் புதுச் சிற்றினம் உருவாகிறது’ என்று அதிலிருந்து பேச்சு கிளம்பியது. பிறகு ஆராய்ந்தபோது, அந்தப் பகுதியில் தெரிந்த எட்டுக் கலப்புகளும் ஒரே ஒரு பெண் பனிக்கரடியின் வாரிசுகள் என்று தெரிந்தது.

கெடுதல் நேர்வது, எண்ணிக்கையில் சிறிய காட்டுக் கூட்டத்தின் மேல் எண்ணிக்கையில் பெரிய வளர்ப்புக் கூட்டம் வந்து கலக்கும்போது. ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனை வீட்டுப்பூனைகளோடு கலந்து கலந்து, தூய காட்டுப்பூனை காட்டில் தாக்குப்பிடிக்கும் அளவில் இல்லை என்று 2019-இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. கூண்டில் வளர்த்த பூனைகளை 2023 முதல் கெர்ங்கார்ம்ஸ் மலைப்பகுதியில் விட்டு மீட்கப் பார்க்கிறார்கள்.

நமக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் மீன் குஞ்சு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் 50 குரோமோசோம். மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும், கலப்பும் ஈனும். வட்டத் தொட்டிப் பொரிப்பகத்தில் முட்டையிடத் தூண்டும் ஊசி போட்ட கட்லாவையும் ரோகுவையும் ஒரே நேரத்தில் ஒரே தொட்டியில் விட்டால், ஓடும் நீரில் விந்து கலந்து, வேண்டாத கலப்புக் குஞ்சுகள் உருவாகும். கட்லா–ரோகு கலப்புக்குத் தலை சிறியது, சதை அதிகம். அது ரோகுவை விட வேகமாக வளரும், கட்லாவை விட மெதுவாக. விற்பவருக்கு அது நல்ல மீனாகத் தெரியும். குளம் வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரிகளை உண்ணும், ரோகு நடுநீரில் மேயும், மிர்கால் அடித்தட்டில். மூன்றையும் சேர்த்து வளர்ப்பதன் இலாபமே இந்தப் பங்கீடுதான். கலப்பு இரண்டு மட்டத்திலும் போட்டிக்கு வரும். அந்தக் கலப்பையே அடுத்த ஆண்டு தாய் மீனாக வைத்தால் குஞ்சுகள் சீராக வளராது. வெள்ளத்தில் ஆற்றுக்குள் போனால் ஆற்று மீனோடு பிற்கலப்பு நடக்கும். ஒரு தொட்டியில் ஒரு நேரத்தில் ஒரே வகையை மட்டும் விடுவது, தொட்டியைக் கழுவிவிட்டு அடுத்த வகையை விடுவது, ஒவ்வொரு வகைக்கும் போதிய ஆண் மீன் வைத்திருப்பது, இந்த மூன்றும் போதும். குஞ்சு வாங்குகிறவர் வாயைப் பார்க்கலாம். கட்லாவுக்கு மேல்நோக்கிய அகன்ற வாய், ரோகுவுக்கு ஓரத்தில் மடிப்புள்ள கீழ்நோக்கிய உதடு. இரண்டுக்கும் இடைப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். பிற்கலப்புக் குஞ்சைக் கண்ணால் பிரித்தறிய முடியாது.

ஒரு படம் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது

‘அரிய கலப்பு விலங்கு’ என்று வரும் படத்தில் முதலில் கேட்க வேண்டியது, பெற்றோர் இருவரும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதே. நாயும் பொன்னரியும் ஒரே பேரினம், இரண்டுக்கும் 78 குரோமோசோம், கலக்க முடியும். நாயும் செந்நரியும் கலந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம், செந்நரிக்கு 34. பூனை–முயல், பன்றி–மாடு, ஆடு–மனிதன் ஆகியவை கருத்தரிக்கவே வழியில்லாதவை. மனித முகம், ஒற்றைக் கண், ஊதிய தலை என்று வரும் குட்டிகள் கருவில் முகம் உருவாவதில் நேர்ந்த பிழை அல்லது உடலில் நீர் கோத்ததன் விளைவு. அவை பெரும்பாலும் பிறந்த சில மணி நேரத்தில் இறந்துவிடும். அடுத்தடுத்துப் பிறந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தீவனத்தில் நச்சுச் செடியோ தொற்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உறவு நெருக்கமாக இருந்து, உருவமும் சந்தேகத்துக்கு இடம் தந்தால், தீர்வு ஆய்வகத்தில்தான். 2021-இல் பிரேசிலின் தெற்கே வண்டியில் அடிபட்ட ஒரு பெண் விலங்கு மருத்துவமனைக்கு வந்தது. அது நாய்போல் குரைத்தது, வைத்த உணவைத் தொடாமல் எலிகளைத் தின்றது. முதலில் குரோமோசோம்களை எண்ணினார்கள்: 76. நாய்க்கு 78, அங்குள்ள பாம்பாஸ் நரிக்கு 74. பாதிக்குப் பாதி, 39-உம் 37-உம் சேர்ந்தால் 76. அடுத்து, தாய் வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா (உட்கருவுக்கு வெளியே செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏவைப் பார்த்தார்கள். அது பாம்பாஸ் நரியுடையது. அதை மட்டும் பார்த்திருந்தால் ‘முழு நரி’ என்று முடிவு செய்திருப்பார்கள். உட்கரு டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் நாயின் பங்கு தெரிந்தது. தாய் நரி, தந்தை நாய் என்று 2023-இல் வெளியிட்டார்கள். நாய் எந்த இனம் என்பது அந்தச் சோதனைகளில் தெரியவில்லை.